அச்சை ஆட்டாதீங்கப்பா!

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொஞ்சம் கடுப்போடுதான் கேமராவை ஆன் செய்திருக்கிறேன். பருவகாலம் எப்படி வருகிறது என்று ஒரு அனிமேஷன் பார்த்தேன். பூமி சூரியனைச் சுற்றுகிறது, சரி. அச்சு சாய்ந்திருக்கிறது, அதுவும் சரி. ஆனால் சுற்று முழுக்க வடமுனை சூரியன் பக்கமே சாய்ந்தபடி வருகிறது! அப்படியென்றால் வடக்கே வருஷம் பூரா கோடைதானே, குளிர்காலம் எங்கிருந்து வரும்?

அதனால் பழைய வீடியோக்களில் வருமே, அந்த பூமி உருண்டை, அதை மறுபடி மேசைக்குக் கொண்டுவந்துவிட்டேன். நடுவில் விளக்கு. சிக்கல் என்னவென்றால், உருண்டையைத் தள்ளிக்கொண்டு விளக்கைச் சுற்றினால் கையோடு ஸ்டாண்டும் திரும்பிவிடும், அந்த அனிமேஷன் கதைதான். அடியில் வேறு ரப்பர், மேசையைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்திக் குதிக்கிறது. எரிச்சல் தாங்காமல் அதைப் பிய்த்தே எறிந்துவிட்டு, அச்சு சாயும் திசையைக் காட்ட ஸ்டாண்டில் சிவப்பு டேப்பால் ஒரு அம்புக்குறி ஒட்டினேன். எங்கே தள்ளினாலும் அம்பு ஜன்னலையே பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது பாருங்கள், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வைத்தால் வடமுனை விளக்கு வெளிச்சத்தில். எவ்வளவு சுழற்றினாலும் நிழலுக்குப் போகமாட்டேன் என்கிறது. இது ஜூன். ஜன்னல் பக்கம் கொண்டுவந்தால் அதே முனை இருட்டில், டிசம்பர். அம்பு அசையவே இல்லை! என்ன அழகு பாருங்கள், எனக்கு அலுக்கவே மாட்டேன் என்கிறது.

ஆங், சொல்ல விட்டுப்போச்சு, சாய்வு 23.4 டிகிரி. 90-இல் கழித்தால் 66.6, ஆர்க்டிக் வட்டம், அதாவது குளிர்காலத்தில் சூரியன் உதிக்காத பகுதி தொடங்கும் கோடு, இருப்பது அந்த வட அட்சரேகையில்தான். அதற்கும் வடக்கே போகப் போக இருட்டு மாதக்கணக்கில் நீளும். நார்வேயின் ஸ்வால்பார்டில் லாங்யெர்பியன் என்று ஒரு ஊர், அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவில்தான் அடிவானத்துக்கு மேல் வரும், அதுவும் சுற்றிலும் மலை என்பதால் ஊருக்குள் வெயில் விழ மார்ச் ஆகிவிடும். நிலநடுக்கோட்டிலோ எல்லா நாளும் கிட்டத்தட்ட 12 மணி நேரம்தான் பகல்.

சூரியனுக்குக் கிட்டே போவதால்தான் கோடை என்பவர்களுக்கு: பூமி மிக அருகில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் 15.2 கோடி. போதுமா?

அப்புறம் மார்ச், செப்டம்பர். அம்பு விளக்குக்குக் குறுக்காக நிற்கும், நிழல் விளிம்பு இரண்டு முனையையும் தொட்டுக்கொண்டு போகும். அன்றைக்குப் பகலும் இரவும் சரிபாதி என்பார்கள், எனக்குப் பிடிக்காத வாக்கியம். சூரியனின் மேல் விளிம்பு தெரிந்ததுமே உதயம் என்று கணக்கு, காற்றுமண்டலம் வேறு ஒளியை வளைத்து அதை முன்கூட்டியே தூக்கிக் காட்டும். பகல் சில நிமிஷம் கூடத்தான் இருக்கும்.