மழை நாளில் வீட்டுக்குள் பிள்ளைகள்: முதலில் காலுக்கு வேலை கொடுங்கள்

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "மூன்று நாளாக மழை விடவில்லை. நான்கு வயது மகனும் ஏழு வயது மகளும் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார்கள். கலர் பென்சில், புதிர் அட்டை என்று எதை எடுத்துக் கொடுத்தாலும் பத்து நிமிடம்தான், அப்புறம் சண்டை. கட்டிலில் ஏறிக் குதித்தால் கீழ்வீட்டிலிருந்து புகார். கடைசியில் போனைக் கொடுத்துவிடுகிறேன். என்ன செய்வது?"

சரி. நீங்கள் வரிசையை மாற்றிப் பாருங்கள். ஓடாத பிள்ளையை உட்கார வைத்துக் கலர் அடிக்கச் சொன்னால் எப்படி உட்காரும்? 5 வயதுக்கு மேல் ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்க ஆடி ஓட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 3, 4 வயதுக்கு நாள் முழுவதும் சேர்த்து 180 நிமிடம் உடம்பு அசைய வேண்டும். மழை வந்தால் அந்தக் கணக்கு அப்படியே பாக்கி நிற்கிறது. சண்டையாக வெளியே வருவது அதுதான். காலையிலேயே காலுக்கு வேலை கொடுத்துவிடுங்கள்.

கீழ்வீட்டுக்காரர் இருக்கிறாரே என்பீர்கள். பலூன் ஊதி விடுங்கள், தரையில் விழக்கூடாது என்பது மட்டும்தான் விதி. மெதுவாக மிதந்து வருவதால் சின்னவனும் தட்டிவிடுவான், சத்தமும் வராது. வெடித்த துண்டுகளையும் ஊதாத பலூனையும் உடனே எடுத்துவிடுங்கள், வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பலூன் இல்லையென்றால், எளிதாக உரிந்து வரும் காகித டேப்பைத் தரையில் வளைத்து வளைத்து ஒட்டி, கரண்டியில் பந்தை வைத்துக்கொண்டு அதன் மேலேயே நடக்கச் சொல்லுங்கள். பந்து விழுந்தால் முதலிலிருந்து. இதில் பெரியவர்கள்தான் முதலில் தோற்கிறோம்!

அப்புறம், மழையை எதற்காக எதிரியாகப் பார்க்க வேண்டும்? அதையே உள்ளே கூப்பிடலாம். ஜன்னல் கண்ணாடியில் துளிப் பந்தயம் வையுங்கள். ஆளுக்கு ஒரு துளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எது முதலில் கீழே சேருகிறதோ அது ஜெயித்தது. கொஞ்ச நேரம் எதுவும் நகராது. சின்னத் துளி கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். பக்கத்துத் துளி ஒன்றோடு சேர்ந்து கனம் கூடியதும் சடாரென்று இறங்கும். போகிற வழியில் இன்னும் நாலைந்தை விழுங்கிக்கொண்டே போகும். முன்னால் போன துளியின் ஈரத் தடத்தில் அடுத்தது எப்படி வழுக்கிக்கொண்டு வருகிறது என்று மகளிடம் காட்டுங்கள். இரண்டாவது பந்தயத்தில் தடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் துளியாகத் தேடிப் பிடிப்பாள் பாருங்கள்.

இடி இடிக்கும்போது ஜன்னல் ஓரம் வேண்டாம், கட்டிலுக்கு வந்துவிடுங்கள். அங்கே எண்ணும் விளையாட்டு. மின்னல் தெரிந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என்று நொடிக் கணக்கில் எண்ண வேண்டும், இடி கேட்டதும் நிறுத்த வேண்டும். ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர் போகும், ஆகவே மூன்று நொடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். ஒன்பது வரை எண்ணினால் மின்னல் மூன்று கிலோமீட்டர் தள்ளி. எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் இடி விலகிப் போகிறது. பயந்து காதைப் பொத்துகிற பிள்ளைக்கு இது நல்ல மருந்து, எண்ணுகிற வேலையில் பயம் பாதி மறந்துபோகும்.

உட்கார வைக்கிற விளையாட்டு இதற்கெல்லாம் பிறகுதான். ஏழு வயதுக்காரியிடம் ஒரு தாளைக் கொடுத்து, "இதைப் பாதி பாதியாக எட்டுத் தடவை மடி பார்க்கலாம்" என்று பந்தயம் கட்டுங்கள். ஆறு வரை வரும், ஏழிலேயே முக்க ஆரம்பித்துவிடுவாள். ஏழு மடிப்பில் 128 அடுக்கு, ஒரு விரல் தடிமன் வந்துவிடும், அதற்கு மேல் எதை மடிப்பது? பெரிய தாளில் முடியுமா, மெல்லிய தாளில் முடியுமா என்று அவளே தேட ஆரம்பிப்பாள். அமெரிக்காவில் பிரிட்னி கேலிவன் என்ற பள்ளி மாணவி 2002-ல், ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான டாய்லெட் பேப்பரை 12 தடவை மடித்துக் காட்டினார். அதைப் பந்தயம் முடிந்த பிறகு சொல்லுங்கள், முதலிலேயே சொன்னால் சுவாரசியம் போய்விடும்.

போன் விஷயம். குற்ற உணர்ச்சியெல்லாம் வேண்டாம், நாமும் சமைக்க வேண்டும், குளிக்க வேண்டும். நான்கு வயதுக்கு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதையும் சாயங்காலத்துக்கு வையுங்கள். காலையில் கார்ட்டூன் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு எந்தப் பலூனும் எடுபடாது. நடுவில் "போரடிக்குது" என்று வந்து நின்றால் உடனே எழுந்து ஓடாதீர்கள். கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள், நாற்காலி ரயிலாகியிருக்கும்.

இரண்டு பேருக்கும் வயது வித்தியாசம் இருப்பதால் போட்டி வைத்தால் சின்னவன் அழுவான். எண்ணுவதும் எழுதுவதும் அக்கா, ஓடுவதும் தட்டுவதும் தம்பி என்று பிரித்துவிடுங்கள். வாளித் தண்ணீரில் காகிதப் படகு விட்டால் நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். தரை நனையத்தான் செய்யும். ஆளுக்கு ஒரு பழைய துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொல்லுங்கள், அதிலேயே இன்னும் பத்து நிமிடம் ஓடிவிடும்.