47 நூலகங்கள் கூடிய ஊர்

(நாகர்கோவிலில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

கேரளத்து அம்பலப்புழை என்றதும் நமக்குப் பால்பாயசம்தான் நாக்கில் வரும். எனக்கும் அப்படித்தான். கிருஷ்ணன் கோயில், ஒரு முன்சீப் கோர்ட்டு. நாவலாசிரியர் தகழி சிவசங்கரப் பிள்ளை வக்கீலாக இருந்தது அந்தக் கோர்ட்டில்தான். இந்தச் சின்ன ஊரில் பி.கே. நினைவு நூலகம் என்று ஒன்று உண்டு. அந்த ஊர்க்காரரான விமர்சகர், சாகித்திய பஞ்சானனன் பி.கே. நாராயண பிள்ளையின் பெயரால் அமைந்தது. 1945 செப்டம்பரில் திருவிதாங்கூரின் 47 கிராம நூலகங்களைச் சேர்ந்தவர்கள் அங்கே கூடி, திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தை, அதாவது நூலகச் சங்கத்தை, உண்டாக்கினார்கள். அன்றைக்கு நாமும் திருவிதாங்கூர்ப் பிரஜைகள்தான், மறந்துவிட வேண்டாம்.

கூட்டியவர் பி.என். பணிக்கர், ஒரு பள்ளிக்கூட வாத்தியார். 1909இல் நீலம்பேரூரில் பிறந்தவர். 1926இல், 17 வயதில், சொந்த ஊரில் சனாதன தர்மம் என்ற பெயரில் நூலகம் தொடங்கியவர்.

அம்பலப்புழைக் கூட்டத்தைத் தொடங்கி வைத்தது யார் தெரியுமா? திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர்! ஓராண்டு கழித்து, 1946 அக்டோபரில், அதே அம்பலப்புழைக்குச் சில மைல் வடக்கே புன்னப்புராவில் திவானின் போலீசும் தொழிலாளிகளும் மோதினார்கள். வயலாரில் பட்டாளம் சுட்டது. 1947 ஜூலையில் திருவனந்தபுரத்தில் ஒரு கச்சேரிக்குப் போன இடத்தில் திவான் வெட்டுப்பட்டார். அடுத்த மாதமே பதவியை விட்டார். திவான் போனார், சமஸ்தானமும் போயிற்று. சங்கம் போகவில்லை. ஏன்? அந்த 47 நூலகங்களில் எதுவும் திவான் கட்டிக் கொடுத்ததில்லை. ஊர்க்காரர்கள் வைத்தது, அவர்களே பூட்டித் திறந்தது. பணிக்கர் அரசாங்கத்தின் வாசலுக்குக் கூச்சமில்லாமல் போனார், உதவி கேட்டார். ஆனால் சாவியைக் கொடுக்கவில்லை. அவரிடம் எனக்குப் பிடித்தது இந்தச் சாமர்த்தியம்தான்.

கேரளத்து வாசகசாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது புத்தக அலமாரியோடு நிற்பதில்லை. பத்திரிகை மேசையைச் சுற்றி அரசியல் சண்டை. கலா சமிதி என்று ஒரு கலைக்குழுவும் கூடவே இருக்கும். ஆண்டு விழா வந்தால் நாடகம், கதாப்பிரசங்கம். எழுத்து தெரியாதவரும் நாடகம் பார்க்க வரலாம் அல்லவா? அப்படி வந்தவர்களுக்காக எழுத்தறிவு வகுப்பும் நடத்தியது இந்தச் சங்கம். அந்த வேலைக்காக 1975இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா விருது கிடைத்தது.

விருது வந்த இரண்டாம் ஆண்டு, 1977இல், அரசு சங்கத்தை எடுத்துக்கொண்டது. 30 ஆண்டுக்கு மேல் கொடுக்காமல் காத்த சாவி! பணிக்கர் உட்கார்ந்து அழவில்லை. முறைசாராக் கல்விக்கென்று ‘கான்ஃபெட்’ என்ற வேறோர் அமைப்பைத் தொடங்கினார். பிறகு 1989இல் வந்த சட்டம், தாலுகா, மாவட்டம், மாநிலம் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட நூலகக் கவுன்சில்களை அமைத்தது. பணிக்கர் 1995 ஜூன் 19இல் காலமானார். அந்த நாள்தான் இன்று கேரளத்தின் வாசிப்பு நாள்.

நம் கதை வேறு வழியில் போனது. 1956 நவம்பர் 1இல் நம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அங்கே 1948 முதலே பொது நூலகச் சட்டம் இருந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம், சீர்காழிக்காரரான நூலக அறிஞர் ரங்கநாதன் பாடுபட்டு வந்தது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டு வரியோடு நூலக வரி, அதிலிருந்து கிளை நூலகம், சம்பளம் வாங்கும் நூலகர். கேரளத்துச் சின்ன வாசகசாலைகளின் நூலகர்கள் பார்த்துப் பொறாமைப்படும் ஏற்பாடு. ஆனால் நம் தெருக் கிளை நூலகத்தின் கூரை ஒழுகினால் நாம் என்ன செய்கிறோம்? மனு எழுதுகிறோம். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டினால் கமிட்டியைக் கூட்டி, செயலாளரைத் திட்டி, ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வசூலுக்குக் கிளம்புகிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாறசாலைப் பக்கம் ஒரு வாசகசாலையைப் போய்ப் பார்த்து வருவோம். வருகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். பஸ் டிக்கெட் என் செலவு. திரும்பி வந்ததும் நம் கிளை நூலகருடன் உட்கார்ந்து அந்தக் கூரையைப் பற்றிப் பேசுவோம். வணக்கம்.