மிதவை போட்ட பழைய மாடல் விமானம் ஏன் தண்ணீரை விட்டு எழும்ப மாட்டேன் என்கிறது?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் கேட்டவர் விவரமாக எழுதியிருப்பதால் முக்கியமானதை அப்படியே படித்துவிடுகிறேன். "1940 வாக்கில் வந்த ஒரு கேபின் மாடலின் திட்டப்படத்தை வைத்து ஆறடி இறக்கையோடு கட்டினேன். சக்கரத்தில் அருமையாகப் பறக்கிறது. மிதவை மாட்டிய பிறகு முழு த்ராட்டில் கொடுத்தாலும் மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கத்தைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டே ஏரியின் மறுகரை வரை போகிறது, எழும்பவே இல்லை. பெரிய மோட்டார் போட்டால் சரியாகுமா? அப்புறம், திட்டப்படத்தில் வாலுக்கு அடியில் மூன்றாவதாக ஒரு குட்டி மிதவை இருந்தது. பார்க்க நன்றாக இல்லை என்று அதை விட்டுவிட்டு, முன்னால் இருந்த இரண்டையும் பின்பக்கம் நீட்டிவிட்டேன். சட்டத்தின்மேல் போர்த்திய டிஷ்யூ தாளும் அதன்மேல் பூசிய டோப் என்ற வார்னிஷும் தண்ணீரைத் தாங்குமா?"

மோட்டாரைத் தொடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் வீடியோவை இங்கேயே நிறுத்திவிட்டு மோட்டார் வாங்கப் போய்விடுவார்கள். போகிற போக்கில் மூன்றாவது மிதவையை எடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான் இருக்கிறது.

அந்தக் காலத்து மாடல்கள் பெரும்பாலும் ரேடியோ இல்லாமல் தானாகப் பறக்க வடிவமைத்தவை. எஞ்சினை ஓடவிட்டுக் கையை எடுத்தால் அது தானே நேராக ஓடி, தானே எழும்ப வேண்டும். தண்ணீரிலிருந்து எழும்புவதற்கு அவர்கள் கண்டுபிடித்த எளிய ஏற்பாடுதான் மூன்று மிதவை: முன்னால் இரண்டு, வாலுக்கு அடியில் ஒன்று. முன்னிரண்டும் சக்கரம் இருந்த இடத்திலேயே, அதாவது ஈர்ப்பு மையத்துக்கு நன்றாக முன்னால் இருக்கும். வால் எடையை வால் மிதவை பார்த்துக்கொள்ளும். வால் சக்கரம் வைத்த விமானம் தரையில் நிற்கிற அதே கணக்கு.

நீங்கள் மூன்றாவதை எடுத்துவிட்டு முன்னிரண்டைப் பின்னால் நீட்டியிருக்கிறீர்கள். நீட்டினால் மிதக்கும், சந்தேகமில்லை. ஆனால் மிதவைக்கு அடியில் குறுக்கே வெட்டினாற்போல ஒரு படி இருக்கிறதல்லவா, ஸ்டெப் என்று சொல்கிறோமே, அது பழைய இடத்திலேயே, ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. வேகம் எடுத்ததும் மாடல் அந்தப் படியின்மேல் ஏறி வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். எடையெல்லாம் படிக்குப் பின்னால் இருந்தால் எப்படி ஏறும்? பின்பக்கம் கீழே விழுந்து, மிதவையின் வால்முனை இரண்டும் தண்ணீரைக் கிளறிக்கொண்டே வரும். நீங்கள் சொன்ன 'மூக்கைத் தூக்கிக்கொண்டு' அதுதான்.

இதில் பழைய மாடலுக்கே உரிய இன்னொரு பொறியும் இருக்கிறது. மிதவை வைக்கும் இடத்துக்கு இப்போது எல்லாரும் சொல்கிற கணக்கு, இறக்கை அகலத்தில் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி ஒரு கோடு போட்டு, அதை ஒட்டிப் படியை வை என்பது. இன்றைய பயிற்சி மாடலுக்கு அது சரி, அதன் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய அங்கேதான் இருக்கும். ஆனால் தானாகப் பறந்த பழைய வடிவங்களில் பலவற்றுக்கு வாலில் கிடையாக இருக்கும் பின் இறக்கையும் தூக்குவிசை கொடுக்கும், அளவிலும் அது பெரியது. அதனால் ஈர்ப்பு மையம் இறக்கை அகலத்தின் பாதிக்கும் பின்னால், சிலவற்றில் இன்னும் பின்னால்கூட இருக்கும். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்து வைத்தால் படி சில சென்டிமீட்டர் முன்னால் போய்விடும். போதாக்குறைக்கு, மிதவை மாட்டுவதற்காகச் சக்கரங்களைக் கழற்றுகிறீர்கள், அவை முன்னால் இருந்த எடை. நீட்டிய மிதவையின் எடை பின்னால் சேர்கிறது. ஆக, சக்கரத்தோடு பறந்தபோது இருந்த ஈர்ப்பு மையம் இப்போது இல்லை, இன்னும் பின்னால் போயிருக்கும். மிதவையெல்லாம் மாட்டி, பேட்டரியும் வைத்து, மறுபடி சமநிலை பாருங்கள். திட்டப்படத்தில் குறித்திருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் படியைப் பற்றிய பேச்சே.

எப்படி அளப்பது? உடலை மட்டமாக நிறுத்துங்கள். ஈர்ப்பு மையத்திலிருந்து ஒரு தூக்குநூல் விடுங்கள். நூல் மிதவையின் அடிப்பாகத்தைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் படி இருக்க வேண்டும். எவ்வளவு என்றால், ஈர்ப்பு மையத்திலிருந்து படியின் விளிம்புக்கு ஒரு கோடு இழுத்தால் அது தூக்குநூலோடு 5 முதல் 10 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். மிதவையின் அடியிலிருந்து ஈர்ப்பு மையம் 20 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், படி நூலுக்குப் பின்னால் சுமார் 2 முதல் 3.5 சென்டிமீட்டர். அதற்கும் மேலே பின்னால் தள்ளிவிடாதீர்கள், அப்போது வேறு தொல்லை வரும்: மாடல் படியில் ஏறி வேகமாக ஓடும், ஆனால் மூக்கைத் தூக்க முடியாமல் தண்ணீரோடு ஒட்டிக்கொண்டே போகும், இல்லையென்றால் மேலும் கீழுமாகக் குதிக்க ஆரம்பிக்கும்.

இனி மோட்டார் ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். உங்கள் மாடல் மாதிரி லேசானவை இறக்கைப் பரப்பில் ஒரு சதுர டெசிமீட்டருக்கு 30 கிராம் வாக்கில் சுமப்பவை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது மணிக்கு 25 கிலோமீட்டர் வாக்கிலேயே காற்றில் நிற்கத் தயார். எதிர்க்காற்று மணிக்கு 10 கிலோமீட்டர் வீசினால் தண்ணீரின்மேல் அது ஓட வேண்டிய வேகம் 15 கிலோமீட்டர்தான். இதற்குப் பெரிய மோட்டார் எதற்கு? மிதவையோடு சேர்த்து ஒரு கிலோ எடைக்கு 150 வாட் கிடைத்தால் தாராளம். அதற்கு மேலே கொடுத்தால், தூக்குவிசை கொடுக்கும் வால் உள்ள மாடல் த்ராட்டில் திறந்ததும் மூக்கைத் தூக்கி மேல்நோக்கி வட்டமடிக்கப் பார்க்கும், சக்கரத்தில் பறந்தபோது அதை அடக்கி வைத்த உங்கள் டிரிம், அதாவது நேராகப் பறக்கச் செய்து வைத்த சின்னச் சின்னத் திருத்தம், எல்லாம் போய்விடும். அப்புறம் அதற்கு மோட்டாரைக் கீழே சாய்க்க வேண்டும், அது தனிக் கதை.

இதே தொல்லை பெரிய விமானங்களுக்கும் வந்திருக்கிறது, தெரியுமா? ஹென்றி ஃபாப்ர் 1910 மார்ச் 28 அன்று பிரான்சில் முதன்முதலாகத் தண்ணீரிலிருந்து எஞ்சினோடு எழும்பினார். இரண்டு வருடம் கழித்து, 1912-ல், அமெரிக்காவில் கியூகா ஏரியில் கிளென் கர்டிஸ் படகு மாதிரி உடல் வைத்த பறக்கும் படகைச் சோதித்தபோது, எஞ்சின் எவ்வளவு இழுத்தாலும் வழவழப்பான அடிப்பாகத்தைத் தண்ணீர் விடவில்லை. அடியில் குறுக்கே படி வைத்த பிறகுதான் விட்டது. படியின் வேலையே அதுதான், ஓடும்போது பின்பாதிக்கு அடியில் காற்றைப் புகவிட்டு, ஒட்டிக்கொண்ட தண்ணீரை அறுத்துவிடுவது. அதனால்தான் படியின் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்கிறேன். பால்சா என்ற லேசான மரத்தை அழகாக வழவழவென்று தேய்த்து, அந்த விளிம்பையும் உருட்டிவிடுகிறார்கள் பலர். உருட்டினால் தண்ணீர் வளைந்து மறுபடி மேலே ஒட்டிக்கொள்ளும். உங்கள் அளவுக்குப் படியின் உயரம் 10, 12 மில்லிமீட்டர் இருக்கட்டும், விளிம்பில் மெல்லிய பிளைவுட் பட்டை ஒன்றை ஒட்டிவிடுங்கள், அது தேயாது. படிக்குப் பின்னால் உள்ள அடிப்பாகம் 6, 7 டிகிரி மேல்நோக்கிப் போக வேண்டும். நீட்டியபோது அதை நேர்க்கோட்டில் நீட்டியிருந்தால், இப்போதே வெட்டிச் சரிசெய்யுங்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்? வழி இரண்டு. வால் மிதவையைப் பழையபடி மாட்டிவிட்டு முன்னிரண்டையும் திட்டப்படத்து அளவுக்கே குறைப்பது ஒன்று. எடை குறைவு, காலத்துக்கும் பொருத்தம், அழகில்லை என்று நீங்கள் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன், எனக்கு அது பிடிக்கும். ஆனால் மூன்று மிதவை நேராக ஓடத்தான் விரும்பும், தண்ணீரில் திரும்புவது கஷ்டம். தானாகப் பறந்த காலத்தில் அதுதான் வேண்டியிருந்தது, திரும்பி வருவது படகில் போகிறவர் வேலை. இன்று ரேடியோ இருக்கிறது, கரைக்கு ஓட்டி வர வேண்டும், அதனால் புதிதாக இரண்டு நீள மிதவை செய்வதுதான் என் யோசனை. நீளம் உடல் நீளத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கூட, முன்முனை ப்ரொப்பெல்லரைத் தாண்டி நிற்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் அடித்து ப்ரொப்பெல்லரைத் தின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி இறக்கை நீளத்தில் கால் பங்கு. மிதவையின் மேல்தளத்தோடு பார்த்தால் இறக்கை 3 டிகிரி வாக்கில் முன்விளிம்பு தூக்கி இருக்கட்டும். ஒரு மிதவையின் வால்முனையில் தண்ணீரில் திருப்புவதற்குச் சிறிய ரடர், அதாவது சுக்கான். கூடவே, மிதவைகள் முன்னால் நிறையப் பக்கப்பரப்பைக் கூட்டிவிடுவதால், வாலுக்கு அடியில் மீன் துடுப்பு மாதிரி ஒரு சின்னச் செங்குத்துத் தகடு சேருங்கள், இல்லையென்றால் காற்றில் மூக்கு அலையும்.

மாட்டும் கம்பியையும் பாருங்கள். ஸ்பிரிங் கம்பி முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி போட்டால் மட்டும் போதாது. தண்ணீர் இழுக்கும்போது அது வளைந்து மிதவையின் கோணத்தையே மாற்றிவிடும், மேசையில் அளந்த 3 டிகிரி ஏரியில் இருக்காது. குறுக்காக ஒரு கம்பி கட்டிச் சாலிடர் வைத்துவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் எழும்பவில்லை என்றால், விரலைப் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் எலிவேட்டரை, அதாவது மூக்கைத் தூக்கி இறக்கும் வால் மடிப்பை, முழுதாக இழுத்துப் பிடிப்பது சரி. மாடல் மூக்கைத் தூக்கி ஒரு மேட்டில் ஏறுவதுபோல் முனகிக்கொண்டு போகும். அதைத் தாண்டி முன்னுக்குச் சாய ஆரம்பித்ததும் எலிவேட்டரை மெதுவாக நடுவுக்கு விட்டுவிட வேண்டும். பலர் விடுவதில்லை, சக்கரத்தில் பழகிய பயம், மூக்கு குத்திவிடுமோ என்று இழுத்துக்கொண்டே இருப்பார்கள், பின்முனைகள் தண்ணீரை விடாது. விட்டுவிட்டு ஓடவிடுங்கள், வேகம் வந்ததும் லேசாக ஒரு இழு, போதும். தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் இருக்கும் நாளில் நல்ல மிதவையே ஒட்டிக்கொள்ளும், அன்றைக்கு ஒரு வட்டம் ஓட்டி உங்கள் அலையையே குறுக்கே கடந்து போங்கள். காற்றுக்குக் குறுக்கே மட்டும் வேகமாகத் திரும்பாதீர்கள். இந்தப் பழைய மாடல்களில் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடிப்பு, ஏலரான், கிடையாது, இறக்கை நன்றாக மேல்நோக்கி வளைந்திருக்கும், காற்று வரும் பக்க இறக்கையைக் காற்று தூக்கினால் அழுத்திப் பிடிக்க உங்களிடம் ஒன்றுமே இல்லை.

கடைசியாக டிஷ்யூ. செல்லுலோஸ் டோப் அடித்த டிஷ்யூ ஈரக்காற்றில் தளரும், காய்ந்தால் மறுபடி இறுகும், இறக்கைக்கு அது பரவாயில்லை. மிதவைக்கு ஆகவே ஆகாது. மிதவைக்கும், உடலின் அடிப்பாகத்துக்கும், வாலுக்கு அடியிலும் சதுர மீட்டருக்கு 25 கிராம் எடையுள்ள மெல்லிய கண்ணாடியிழைத் துணியை எபாக்சியில் ஒட்டுங்கள். மேலே உள்ளதைப் பழையபடியே விடுங்கள், வெயிலில் உள்ளிருக்கும் சட்டமெல்லாம் தெரியும் அந்த அழகுக்காகத்தானே பழைய மாடல் கட்டுகிறோம். மிதவைக்குள்ளே குறுக்குத் தடுப்பு வைத்து அறை அறையாகப் பிரியுங்கள். ஒவ்வொரு அறைக்கும் மேல்தளத்தில் ஒரு குண்டூசித் துளை போடுங்கள். துளை எதற்கென்றால், வெயிலில் கிடந்த மிதவைக்குள் காற்று சூடேறி விரிந்திருக்கும், அதைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்ததும் சுருங்கி, எங்கே ஒரு சின்ன விரிசல் இருந்தாலும் தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும். உங்கள் மாடலிலும் அப்படித் தண்ணீர் போயிருக்கலாம், போன தண்ணீர் ஓடும்போது பின்னால்தான் போய்ச் சேரும். பறக்கும் முன்பும் கரைக்கு வந்த பிறகும் எடை போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

ரேடியோவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வரி. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரின் இரண்டு ஆன்டெனாவையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, உடலுக்குள் எவ்வளவு உயரத்தில் முடியுமோ அவ்வளவு உயரத்தில் வையுங்கள், தூரத்தில் தண்ணீர்மட்டத்தில் நிற்கும் மாடலுக்கு சிக்னல் குறைவாகத்தான் போய்ச் சேரும்.

முதலில் ஈர்ப்பு மையத்தையும் படியையும் அளந்து, மாடலைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து, இரண்டையும் அதில் பேனாவால் குறித்து அனுப்புங்கள். மிதவையை வெட்டுவதற்கு முன்னால் அனுப்புங்கள். அடுத்த கேள்வி, டீசல் எஞ்சின் பற்றி.