கொல்லைப்புற மேப்பிள் பாகு: 2024 பருவம் எங்களுக்கு எப்படிப் போனது?

[திரையில்: ஜன்னல் விளிம்பில் ஒரு சிறு கண்ணாடிப் புட்டி. வெயில் பட்டுப் பாகு செம்பழுப்பாகத் தெரிகிறது.]

வணக்கம். இந்தப் புட்டியில் இருப்பது 2024ஆம் ஆண்டு எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் மேப்பிள் மரத்தின் நீரைக் காய்ச்சி எடுத்த பாகு. பருவம் முழுவதும் சேர்த்து 2.4 லிட்டர்தான் தேறியது. முந்தைய ஆண்டு இதே மரங்கள் 4.4 லிட்டர் கொடுத்திருந்தன.

அதே 2024இல் கனடாவின் கியூபெக் மாகாணம் 23.9 கோடி பவுண்டு பாகு எடுத்துச் சாதனை படைத்தது. 2023இல் அவர்களுக்குக் கிடைத்தது 12.4 கோடி. அங்கே ஏறக்குறைய இரட்டிப்பு, எங்களுக்குப் பாதி. ஒரே நாடு, ஒரே குளிர்காலம். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

[திரையில்: வீட்டின் பின்புறம். மூன்று மேப்பிள் மரங்கள், அடிமரத்தில் தொங்கும் வாளிகள்.]

நாங்கள் இருப்பது கனடாவில், டொராண்டோவுக்குக் கிழக்கே. கொல்லையில் மூன்று சுகர் மேப்பிள் மரங்கள். அடிமரம் குறுக்காக 30 சென்டிமீட்டராவது பருத்திருந்தால்தான் ஒரு துளை போடலாம். 45ஐத் தாண்டினால் இரண்டு. அந்தக் கணக்கில் எங்களுக்கு ஐந்து துளைகள். எட்டு மில்லிமீட்டர் அகலம், நான்கைந்து சென்டிமீட்டர் ஆழம், வெளிப்பக்கமாக லேசாகக் கீழ்நோக்கிய சாய்வு. அதில் ஒரு சிறு குழாயைத் தட்டிப் பொருத்தி, கீழே மூடியுள்ள வாளியை மாட்டிவிட்டால் நம் வேலை முடிந்தது. மிச்சத்தை இரவின் குளிரும் பகலின் வெயிலும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதை நான் பேச்சுக்காகச் சொல்லவில்லை. மேப்பிள் மரம் நீர் சுரப்பதன் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது.

[திரையில்: மரத்தின் குறுக்குவெட்டுப் படம். நீர்க்குழல்களும் அவற்றைச் சுற்றிய நார்களும்.]

மரத்துக்குள் நீர் ஏறும் நுண்குழல்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள நார்களில், மேப்பிளைப் பொறுத்தவரை, நீருக்குப் பதிலாகக் காற்று அடைபட்டிருக்கிறது. இரவில் வெப்பம் உறைநிலைக்குக் கீழே இறங்கும்போது குழல்களிலிருந்து நீர் இந்த நார்களுக்குள் நுழைந்து, உட்சுவரில் பனியாகப் படிகிறது. உள்ளே இருந்த காற்று நெருக்குண்டு ஒடுங்குகிறது. குழல்களில் குறைந்த நீரை ஈடுகட்ட மரம் வேரிலிருந்து நீரை மேலே இழுத்துக்கொள்கிறது. காலையில் வெயில் ஏறியதும் பனி உருகும். ஒடுங்கிக் கிடந்த காற்று விரிந்து நீரைத் திரும்பவும் குழல்களுக்குள் தள்ளும். அந்த அழுத்தத்தில் நீர் எங்கே வழி கிடைத்தாலும் வெளியேறும். நாம் போட்ட துளை அதற்கு ஒரு வழி.

ஆகவே குளிர் மட்டும் இருந்தால் நீர் வராது. வெயில் மட்டும் இருந்தாலும் வராது. இரவில் மைனஸ் ஐந்து, பகலில் பிளஸ் ஐந்து என்று மாறி மாறி வர வேண்டும். இரவில் உறையாமல் நான்கு நாள் போனால் மரம் வாய் மூடிக்கொள்ளும்.

[திரையில்: வாளிக்குள் விழும் துளிகள், மிக அருகில். நீர் தெளிவாக, நிறமே இல்லாமல் இருக்கிறது.]

வாளியில் விழுவதைப் பார்த்தால் குடிநீர் என்றுதான் நினைப்பீர்கள். நாக்கில் வைத்தால் கடைசியில் ஓர் இனிப்பு எட்டிப்பார்க்கும், அவ்வளவுதான். இதில் சர்க்கரை ஏறத்தாழ இரண்டு சதவீதம். எங்கள் அம்மா யாழ்ப்பாணத்தில் கருப்பநீர், அதாவது பதநீர், குடித்து வளர்ந்தவர். முதல் முறை இதைக் குடித்துவிட்டு, "என்னப்பா, வெறும் தண்ணி" என்றார். நியாயமான பேச்சு. பனையின் பதநீரில் பத்து சதவீதத்துக்கும் மேல் சர்க்கரை உண்டு. அதைக் காய்ச்சுகிறவர்களுக்கு விறகும் நேரமும் எவ்வளவோ மிச்சம்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. 86ஐ நீரின் சர்க்கரைச் சதவீதத்தால் வகுத்தால், ஒரு லிட்டர் பாகுக்கு எத்தனை லிட்டர் நீர் வேண்டும் என்பது தெரியும். இரண்டு சதவீதம் என்றால் 43 லிட்டர். 2024இல் எங்கள் மரங்களின் நீர் 1.7 சதவீதம்தான் காட்டியது. அதாவது ஐம்பது லிட்டருக்கு ஒரு லிட்டர். எங்கள் குறைவுக்கு இது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு.

[திரையில்: காலண்டர். பிப்ரவரி 2024.]

2023–24 குளிர்காலம், கனடா 1948 முதல் வைத்திருக்கும் தேசியப் பதிவுகளில் மிக வெப்பமானது. பசிபிக் கடல் சூடேறி உலக வெப்பத்தைக் கூட்டும் எல் நினோ ஆண்டு. பிப்ரவரியில் எங்கள் கொல்லையில் புல் தெரிந்தது.

இரண்டு வீடு தள்ளி ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். பண்ணையில் பிறந்து, அப்பாவிடம் இந்த வேலையைக் கற்றவர். அவர் பிப்ரவரி 8ஆம் தேதியே துளை போட்டுவிட்டார். எனக்கு அது அவசரமாகப் பட்டது. எங்கள் பக்கத்தில் மார்ச் நடுவில் பள்ளி விடுமுறை வரும். பாகு காய்ச்சும் பண்ணைகளுக்குக் குடும்பத்தோடு போவதும் அப்போதுதான். மார்ச் முதல் வாரம் துளைத்தால் போதும் என்பதே என் பழக்கம். கொஞ்சம் முன்னதாகவே செய்வோம் என்று பிப்ரவரி 25ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, துளை போட்டேன். முன்கூட்டிச் செய்துவிட்டதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்குள் மூன்று முறை மரங்களில் நீர் நன்றாக ஓடி முடிந்துவிட்டிருந்தது. அவர் வாளிகள் நிரம்பியதை வேலிக்கு மேலே பார்த்தும் நான் அசையவில்லை. இன்றைக்கும் மனது ஆறவில்லை.

பிப்ரவரி 27 பகலில் கோட் இல்லாமல் வெளியே நின்றோம். மறுநாள் வெப்பம் மடமடவென்று சரிந்து எல்லாம் உறைந்தது. அடுத்து வந்த மார்ச் 1, 2 ஆகிய இரண்டு நாட்களில் ஐந்து துளைகளிலும் சேர்த்து அறுபது லிட்டர். துளி துளியாக விழுந்தது போய்க் கிட்டத்தட்ட நூலாகவே இழுத்தது.

பிறகு மார்ச் முதல் வாரத்தின் மீதி நாட்களெல்லாம் வெப்பம். பகலில் 15 டிகிரியைத் தாண்டியது, இரவில் உறையவில்லை. நீர் நின்றது.

[திரையில்: வாளியின் அடியில் பால் கலந்தது போலக் கலங்கிய நீர்.]

இங்கேதான் இரண்டாவது அடி. பதநீருக்குக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள். தடவாவிட்டால் கள்ளாகிவிடும். மேப்பிள் நீருக்குச் சுண்ணாம்பு கிடையாது, குளிர்தான் காவல். வாளியைச் சுற்றிப் பனிக்கட்டி குவித்து வைப்போம், ஒரு வாரம் தாங்கும். அந்த வாரம் குவிப்பதற்குப் பனியே இல்லை. சனி, ஞாயிறு நாற்பது லிட்டரைக் காய்ச்சி முடித்தேன். திங்கள் முதல் வேலை. மீதி இருபது லிட்டர் புதன்கிழமை கலங்கி, புளித்த வாடை அடித்தது. கீழே ஊற்றினேன்.

குளிர் திரும்பியது மார்ச் 18 வாக்கில். இன்னும் எண்பது லிட்டர் வந்தது, மெதுவாக. ஆனால் நீரின் குணம் மாறியிருந்தது. வெப்பத்தில் நுண்ணுயிர்கள் சர்க்கரையை உடைத்துக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸாக மாற்றிவிடும். அப்படிப்பட்ட நீரைக் காய்ச்சினால் பாகு கறுக்கும். நீங்கள் முதலில் பார்த்த புட்டி இந்த இரண்டாம் காய்ச்சலில் வந்தது.

[திரையில்: வெளியே கல் அடுப்பு, அகலமான எஃகுத் தட்டில் கொதிக்கும் நீர், ஆவி.]

காய்ச்சுவதைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். வீட்டுக்குள் காய்ச்சாதீர்கள். 120 லிட்டரில் 117 லிட்டருக்கு மேல் ஆவியாகப் போகிறது, சுவரெல்லாம் ஊறிவிடும். வெளியே, அகலத் தட்டில், மணிக்கணக்காக. தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தைவிட நான்கு டிகிரி ஏறினால், அதாவது 104இல், பதம் வந்துவிட்டது என்று பொருள். கடைசி ஐந்து நிமிடம் கண்ணை எடுக்கக்கூடாது. குமிழ்கள் சிறுத்து, நெருங்கி, தட்டின் விளிம்பைத் தாண்டி நுரை எழும். ஒரு சொட்டு வெண்ணெய் போட்டால் அப்படியே அடங்கும். கரண்டியைத் தூக்கிச் சாய்த்துப் பாருங்கள். சொட்டுச் சொட்டாக விழுந்தால் இன்னும் ஆகவில்லை. விளிம்பில் துளிகள் ஒன்றுசேர்ந்து தகடாக வழிந்தால் உடனே இறக்க வேண்டும். அடியில் மணல் போலத் தங்குவது மரத்தின் தாது உப்பு. சூட்டோடு கம்பளித் துணியில் வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் புட்டியில் அடைக்க வேண்டும்.

மார்ச் 28ஆம் தேதி மொட்டுகள் பருத்துவிட்டன. மொட்டு விடும் மரத்தின் நீரைக் காய்ச்சினால் பாகில் வேண்டாத ஒரு வாடை ஏறும், எவ்வளவு வடிகட்டினாலும் போகாது. குழாய்களைக் கழற்றிவிட்டேன். ஏப்ரல் 8ஆம் தேதி நயாகராவில் முழுச் சூரிய கிரகணம் பார்க்க ஊரே கிளம்பியபோது, எங்கள் வாளிகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன.

[திரையில்: கியூபெக் காடு. மரத்துக்கு மரம் ஓடும் நீலக் குழாய்கள்.]

இப்போது கியூபெக். அவர்களுக்கும் பருவம் முன்னதாகவே தொடங்கியது. ஆனால் அவர்கள் இன்னும் வடக்கே, இன்னும் குளிரில் இருக்கிறார்கள். எங்களுக்கு உறையாமல் போன இரவுகள் பல அவர்களுக்கு உறைந்தன. அதனால் முன்னதாகத் தொடங்கியது அவர்களுக்கு நீண்ட பருவமாக முடிந்தது. அதோடு, பெரிய தோட்டங்களில் வாளி இல்லை. குழாய் வலைப்பின்னலில் பம்பு வைத்து நீரை உறிஞ்சுகிறார்கள், ஆகவே அரைகுறையாக உறைந்த இரவிலும் மரம் கொடுக்கும். வந்த நீரைச் சவ்வு வழியே அழுத்தி, காய்ச்சுவதற்கு முன்பே பெருமளவு தண்ணீரைப் பிரித்துவிடுகிறார்கள். அன்றன்றைக்கே வேலை முடிகிறது, புளிக்க நேரம் கிடைப்பதில்லை. அங்குள்ள உற்பத்தியாளர் கூட்டமைப்பு முன்பே அனுமதித்த புதிய துளைகளும் கணக்கில் சேர்ந்தன.

கொல்லைப்புறக்காரருக்கு இவை எதுவும் இல்லை. வாளி, அடுப்பு, வார இறுதி. எனவே எந்த நாளில் துளை போடுகிறோம் என்பது ஒன்றே நம் கையில் இருக்கிறது.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. துளை போட்ட நாளிலிருந்து மரம் காயத்தை அடைக்கத் தொடங்கிவிடும். நுண்ணுயிரும் சேர்ந்துகொள்ளும். நான்கு முதல் ஆறு வாரத்தில் துளை வறண்டுவிடும். பிப்ரவரி 8இல் துளைத்த அந்தப் பெரியவருக்கு மார்ச் நடுவில் துளைகள் வறண்டன. கடைசிக் குளிரில் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படியிருந்தும் அவர் பன்னிரண்டு துளையில் பன்னிரண்டு லிட்டர் பாகு எடுத்தார். துளைக்கு ஒரு லிட்டர். எனக்கு அரை லிட்டர்கூட இல்லை.

"அப்பா காலத்தில் தேதி பார்த்தால் போதும். இப்போது நான் ஜனவரி கடைசியிலிருந்தே பத்து நாள் முன்னறிவிப்பைப் பார்க்கிறேன்" என்றார் அவர்.

நான் செய்யப்போவது இது. முதல் நல்ல உறைவும் உருகலும் முன்னறிவிப்பில் தெரிந்தவுடன், பிப்ரவரியாக இருந்தாலும், மூன்று துளை. மூன்று வாரம் கழித்து மீதி இரண்டு. மொத்த விளைச்சலில் கொஞ்சம் குறையலாம், ஆனால் பருவம் முழுவதையும் தவறவிட மாட்டேன்.

[திரையில்: மரப்பட்டையில் மூடிவரும் பழைய துளை, சுற்றி வெள்ளைச் சாக்கட்டி வட்டம்.]

துளைத்த இடத்தின் மரக்கட்டையில் இனி நீர் ஏறாது. அதனால் 2024இல் போட்ட ஒவ்வொரு துளையையும் இப்படிச் சாக்கட்டியால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். புதிய துளை இதிலிருந்து ஒரு சாண் பக்கவாட்டில், கொஞ்சம் மேலே. மழையில் அழிந்துவிடும் என்பதால் போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.