ஒரே தட்டு, ஒரே கட்டில், அப்புறம் மெசினா: ரிச்சர்டும் பிலிப்பும்

வணக்கம் மக்களே! சலாதீன் தொடரோட அடுத்த பகுதி இன்னைக்கு இல்ல. இத முதல்ல பேசியே ஆகணும். ஷார்ட்ஸ்ல திரும்பத் திரும்ப ஒரே கதை ஓடுது. இங்கிலாந்து ராஜா ரிச்சர்டும் பிரான்ஸ் ராஜா பிலிப்பும் உயிர் நண்பர்களாம், ஒரே தட்டுல சாப்பிட்டாங்களாம், ஒரே கட்டில்ல தூங்கினாங்களாம், கடைசில பொறாமை தாங்காம பிலிப் ஓடிப் போயிட்டானாம். சோகமா ஒரு வயலின், கதை முடிஞ்சுது. எனக்கு அப்படி எரிச்சல் வருது! சிலுவைப் போருக்காக அவங்க போன ஆக்கர் நகரத்துக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே, வழியில சிசிலித் தீவு மெசினாவுலயே அந்த உறவு உடைஞ்சாச்சு. உடைச்சது பணமும் ஒரு கல்யாணப் பேச்சும்.

அந்தக் கட்டில் விஷயம் 1187 கோடையில நடந்தது. ரிச்சர்டுக்கு 29 வயசு, பிலிப்புக்கு 21. பிலிப் ஏற்கெனவே ராஜா. ரிச்சர்ட் இன்னும் ராஜா ஆகல, அக்விடேன் பிரபு. பிரான்ஸ்ல ஷாட்டோரூவுல ரிச்சர்டோட அப்பா, அப்போதைய இங்கிலாந்து ராஜா ஹென்றியும் பிலிப்பும் படையோட எதிரெதிரா நின்னு, சண்டை போடாமலே சமாதானம் ஆனாங்க. அப்பாகூடத் திரும்பிப் போகாம, ரிச்சர்ட் பிலிப்போட பாரிஸ் கிளம்பிட்டார். ஒரே மேசை, ஒரே கட்டில்னு எழுதி வெச்சது ஹௌடன் ரோஜர்ங்கற வரலாற்றாசிரியர். ஆனா அடுத்து அவர் எழுதினத ஷார்ட்ஸ்காரங்க வெட்டிடறாங்க! ஹென்றி இதப் பார்த்து அரண்டு போய், இவங்க என்ன திட்டம் போடறாங்கன்னு தெரியற வரைக்கும் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறாம நின்னுட்டார். அந்தக் காலத்துப் பிரபுக்கள் ஒரே கட்டில்ல படுக்கறது ஊரறியக் காட்டற நம்பிக்கை. ஆயுதம் இல்லாம உன் பக்கத்துல தூங்கறேன்னு அர்த்தம். உன் மகன் என் கையிலங்கற சேதி ஹென்றிக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு.

அதுக்காகப் பாசமே கிடையாதுன்னு சொல்ல வரல. ரிச்சர்டோட தம்பி ஜெஃப்ரி 1186ல பாரிஸ்ல செத்தப்ப, பிலிப் புதைகுழியில குதிக்கப் போனதாவே எழுதி இருக்காங்க. ஆனா பிலிப் பக்கம் போன வரிசையப் பாருங்க. மூத்தவன் இளைய ஹென்றி, அப்புறம் ஜெஃப்ரி, அப்புறம் ரிச்சர்ட், பின்னால ஜான். ஹென்றியோட நாலு பசங்களையும் பிலிப் ஒவ்வொருத்தரா அப்பாவுக்கு எதிரா, இல்ல அண்ணனுக்கு எதிரா இழுத்திருக்கார்.

1188 நவம்பர்ல போன்மூலான்ல அப்பா கண்ணு முன்னாலயே ரிச்சர்ட், நீங்கதான் என் எஜமான்னு பிலிப்புக்கு மண்டியிட்டார். 1189 ஜூலை 6, ஷினோன் கோட்டையில ஹென்றி செத்தார். சிக்கலே அங்கதான் ஆரம்பம். இப்ப ரிச்சர்டும் ராஜா, பிரான்ஸுக்குள்ளயே பிலிப் நேரடியா ஆள்ற நிலத்தவிட அதிக நிலம் அவர் கையில. ஆனா அந்த நிலத்துக்கெல்லாம் மேலாதிக்க எஜமான் பிலிப். இந்த ஏற்பாட்டுல ரெண்டு பேர் எத்தனை நாள் நண்பர்களா இருக்க முடியும்?

1190 ஜூலைல வெஸலேயில சிலுவைப் போருக்குக் கிளம்பும்போது, ஜெயிக்கறதெல்லாம் பாதிக்குப் பாதின்னு சத்தியம் பண்ணாங்க. எத ஜெயிச்சா பாதி, எங்க ஜெயிச்சா பாதின்னு சரியா வரையறுக்கல. எனக்கு இந்தக் கதையிலயே பிடிக்காத இடம் இதுதான். எந்தக் கூட்டு வியாபாரமும் இப்படி ஆரம்பிச்சா நாசம்தான். அக்டோபர்ல ரிச்சர்ட் மெசினாவப் பிடிச்சு மதில்ல தன் கொடிய ஏத்தினதும், என் கொடியும் ஏறணும்னு பிலிப் சண்டை. சிசிலி ராஜா டான்க்ரெட் ரிச்சர்டுக்குக் குடுத்தது 40,000 அவுன்ஸ் தங்கம். 20,000 முந்தின சிசிலி ராஜாவோட விதவையான தங்கச்சி ஜோனோட சொத்துக்காக, இன்னொரு 20,000 அண்ணன் மகன் ஆர்தருக்கு டான்க்ரெட் மகளோட பேசின கல்யாணத்துக்காக... இல்ல, ஆர்தர் தம்பி ஜெஃப்ரியோட மகன். இது குடும்பப் பணமா, போர்க் கொள்ளையா? பிலிப் பாதி கேட்டு, மூணுல ஒரு பங்குதான் வாங்கினார்.

ஐயோ, ஆலிஸ விட்டுட்டேன்! அவ இல்லாம மெசினா புரியாது. பிலிப்போட அக்கா, வேற அம்மாவுக்குப் பொறந்தவ. 1169லயே ரிச்சர்டுக்குன்னு நிச்சயம் பண்ணி, ஹென்றி பொறுப்புல விட்ட பொண்ணு. இருபது வருஷத்துக்கு மேல கல்யாணமே நடக்கல. எங்க அப்பாவே அவள வெச்சிருந்தார், குழந்தையும் பொறந்தது, சாட்சி இருக்குன்னு ரிச்சர்ட் மெசினாவுல சொல்லிட்டார். ஒரு ராஜாவோட அக்காவப் பத்தி, அத்தனை பிரபுக்கள் நடுவுல! 1191 மார்ச்ல 10,000 மார்க் தர்றேன்னு சொல்லி நிச்சயத்த முறிச்சார்.

அந்தத் தொகையப் பத்திச் சொல்லாம நகர மாட்டேன். மார்க்னு ஒரு காசே கிடையாது, கணக்கு அளவு மட்டும்தான். இங்கிலாந்துக் கணக்குல ஒரு மார்க் 160 பென்னி. அப்ப 10,000 மார்க்னா 16 லட்சம் வெள்ளிப் பென்னி, எடையில ரெண்டு டன்னுக்கு மேல! ஒரு நிச்சயத்த முறிக்க! கோவேறு கழுதை முதுகுல ஏத்தினா எத்தனை கழுதை வேணும்னு யோசிங்க. மார்ச் 30ம் தேதி பிலிப் மெசினாவ விட்டுக் கிளம்பினார். அதே நாள் ரிச்சர்டோட அம்மா எலினோர், புதுப் பொண்ணு பெரெங்காரியாவக் கூட்டிட்டு வந்து இறங்கினாங்க.

ஆக்கர்ல நடந்ததெல்லாம் மிச்சம் மீதி. பிலிப் வீரர்களுக்கு மாசம் 3 பெசன்ட் தங்கக் காசுன்னு அறிவிச்சார். பின்னாடி வந்த ரிச்சர்ட் 4 பெசன்ட்னார். ஒரே ஒரு காசு கூட, மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம்! வர்ற வழியில ரிச்சர்ட் பிடிச்ச சைப்ரஸ்ல பாதி குடுன்னு பிலிப் கேட்டா, பிளாண்டர்ஸ்ல பாதி குடுன்னு ரிச்சர்ட் திருப்பிக் கேட்டார். ஏன் பிளாண்டர்ஸ்? பிளாண்டர்ஸ் பிரபு ஜூன் 1ம் தேதி ஆக்கர் முகாம்லயே செத்துட்டார், அவர் கையில இருந்த ஆர்த்வா பகுதி பிலிப் குடும்பத்துக்கு வர வேண்டியது. பிலிப் உடம்பு சரியில்லாம இருந்ததும் நிஜம். ஊருக்குத் திரும்ப இவ்ளோ காரணம் இருக்கும்போது பொறாமைன்னு ஒத்தை வார்த்தையில முடிக்கறது அநியாயம்.

எனக்குப் பிலிப் மேல கோவம் வர்ற இடம் வேற. உன் நிலத்தத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுப் போனவர், ரிச்சர்ட் ஜெர்மனியில சிறைபட்டதும் 1193 ஏப்ரல்ல ஜிசோர் கோட்டைய எடுத்துக்கிட்டார். அதோட நிக்கல. இன்னும் சில மாசம் உள்ளயே வெச்சிருங்கன்னு, ஜானோட சேர்ந்து, ரிச்சர்டச் சிறை வெச்சிருந்த ஜெர்மன் பேரரசருக்கு 80,000 மார்க் தர முன்வந்தார். ஷார்ட்ஸ் போடறவங்க போட வேண்டியது இதத்தான்.

அடுத்தது ரிச்சர்ட் கட்டின ஷாட்டோ கயார் கோட்டை. 1196 ஜனவரி ஒப்பந்தம் கோட்டை கட்டக் கூடாதுன்னு சொன்ன ஆந்தெலியில, அதே வருஷம் ரிச்சர்ட் வேலைய ஆரம்பிச்சார். மதில் அளவுகளோட வரேன்.