விழித்தே கிடக்கும் பிள்ளைக்கு அலாரம் எதற்கு?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். படித்து முடித்த பின்னும் வேலைக்குப் போகாமல், முயற்சியும் எடுக்காமல் வீட்டிலேயே தங்கிவிட்ட வளர்ந்த பிள்ளைக்குப் பெற்றோர் பொறுப்பா, இல்லையா என்பது தலைப்பு. பொறுப்பு உண்டு என்பது எங்கள் அணி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், "இருபத்தைந்து வயதுப் பிள்ளையை எழுப்பிவிட ஆள் வேண்டுமென்றால், அவனுக்குத் தேவை அம்மா அல்ல, அலாரம்" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. என் குறிப்புகளை ஓரமாக வைத்துவிட்டு அந்த ஒரு வரிக்கே பதில் சொல்ல நடுவரிடம் அனுமதி கேட்கிறேன். ஏனென்றால், அந்தப் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கிறான் என்று நண்பருக்கு யார் சொன்னது?

எனக்குத் தெரிந்த ஒரு தந்தை இருக்கிறார். நேர்முகத் தேர்வுகளில் அடுத்தடுத்துத் தோற்ற மகன், ஒரு கட்டத்தில் விண்ணப்பிப்பதையே நிறுத்திவிட்டு அறைக்குள் இருந்துகொண்டான். தந்தை தினமும் காலையில் அந்தக் கதவருகே நின்று, "உன் வயசுல நான் குடும்பத்தையே தாங்கினேன், நீ போர்வையைத் தாங்கிக்கிட்டுப் படுத்திருக்க" என்று உரக்கச் சொல்வார். மகன் அசைய மாட்டான். தந்தை இன்னும் உரக்கச் சொல்வார். நண்பர் பரிந்துரைக்கும் அலாரம் அந்த வீட்டில் மனித உருவிலேயே இருந்தது, நடுவர் அவர்களே. மாதக்கணக்கில் அடித்தும் ஒரு நாள்கூட யாரையும் எழுப்பவில்லை.

ஒரு நாள் தொண்டை கட்டிக் குரலே எழும்பாமல் போனதால், அவர் அந்த வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். வழக்கமான நேரம் கடந்தும் சத்தம் வராததைக் கண்ட மகன் தானாகவே எழுந்து வந்து, "அப்பா, என்ன ஆச்சு?" என்று கேட்டான். அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். நெடுநாளாக வாசற்படி தாண்டாத பிள்ளை சட்டையை மாட்டிக்கொண்டு அவரை மருத்துவரிடம் அழைத்துப் போனான்.

இதே காலையை மகன் பக்கத்திலிருந்து ஒருமுறை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்காகக் காத்திருந்த நேரத்தில், பதில் பேச முடியாத அப்பாவிடம் அவன் முதன்முறையாகப் பேசினான். "நான் ஒரு நாளும் தூங்கிக்கிட்டு இருந்ததில்லப்பா. நீங்க எழுந்திருக்கிறதுக்கு முன்னாடியே முழிச்சிருப்பேன். கண்ணைத் திறந்தா, இன்னிக்கு என்ன செய்யப் போறேன்னு கேப்பீங்க, அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல" என்றான். விழித்திருப்பவனை எந்த அலாரம் எழுப்பும், நண்பரே?

மறுநாளே அவன் வேலைக்குப் போய்விட்டான் என்று சொல்லி உங்கள் கைதட்டலை வாங்க மாட்டேன். அதற்கு நெடுங்காலம் ஆயிற்று, நடுவில் மீண்டும் அறைக்குள் போன நாட்களும் உண்டு. மாறியது தந்தைதான். கத்துவதை நிறுத்தினார், அவனுக்காகப் பிறரிடம் பொய்க்காரணம் சொல்வதையும் நிறுத்தினார். வீட்டு வேலையில் ஒரு பங்கை அவன் பெயரில் எழுதி, அவன் செய்யாத நாளில் அதைத் தானும் செய்யாமல் விட்டார்.

பயந்ததைத் தவிர்க்கும்போது மனத்துக்கு உடனடியாக ஒரு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே அடுத்த முறையும் தவிர்க்கச் சொல்கிறது. திட்டும் பெற்றோர் பயத்தைக் கூட்டுகிறார்கள், எல்லாவற்றையும் தாங்களே செய்துகொடுக்கும் பெற்றோர் தவிர்ப்பதை எளிதாக்குகிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக உளவியலாளர் எலி லெபோவிட்ஸ், பதற்றக் கோளாறு உள்ள சிறுவர்களுக்காக உருவாக்கிய ஸ்பேஸ் என்ற முறையில் பயிற்சி பெறுவது பெற்றோர் மட்டுமே. பிள்ளை சிகிச்சைக்கு வர மறுத்தாலும் அது நடக்கும். பிள்ளைக்கே நேரடியாக அளிக்கும் சிகிச்சைக்கு அது குறைந்ததல்ல என்று 2020இல் அச்சான ஆய்வு காட்டியது. வீட்டை விட்டுக் கிளம்ப முடியாமல் தேங்கிய வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோருடனும் அவர் இதே வழியில் பணியாற்றியிருக்கிறார். பெற்றோர் மாறினால் பிள்ளை மாற வழி பிறக்கிறது என்றால், பொறுப்பு அவர்களிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

2018இல் நியூயார்க் மாநில நீதிமன்றம் முப்பது வயது மகனைப் பெற்றோர் வீட்டிலிருந்து வெளியேறச் சொன்னதை எதிரணி எடுத்துக்காட்டியது. வீட்டில் தங்கும் உரிமை யாருக்கு என்பதை நீதிமன்றம் சொல்லும். அந்தப் பிள்ளை அன்றிரவு யாரை நினைத்து வருந்துவான், அந்தத் தாய் அன்று உறங்குவாளா என்பதைச் சொல்ல எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை.

ஜப்பானில், ஆறு மாதங்களுக்கு மேல் சமூகத்திலிருந்து விலகி வீட்டுக்குள் இருந்துவிடும் நிலையை ஹிக்கிகோமோரி என்கிறார்கள். முதலில் இதை இளைஞர்களின் சிக்கலாகவே பார்த்தார்கள். 2019இல் அந்நாட்டு அரசு வெளியிட்ட மதிப்பீட்டிலோ, 40 முதல் 64 வயது வரை உள்ளவர்களிலேயே சுமார் 6,13,000 பேர் இப்படி இருந்தார்கள். எண்பது வயதுப் பெற்றோர் ஐம்பது வயதுப் பிள்ளையைத் தாங்கும் இந்த நிலைக்கு அங்கே '8050 சிக்கல்' என்றே பெயர்.

அந்த எண்பது வயதுத் தாயை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள், நடுவர் அவர்களே. கை நடுங்குகிறது, கண் மங்குகிறது, தனக்கே ஒருவர் துணை வேண்டும். அப்போதும் அவளுடைய கவலை தன் சாவைப் பற்றியதல்ல, தனக்குப் பின் அந்த அறைக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இருக்க மாட்டார்களே என்பதுதான். அவளிடம் போய், "உன் மகன் வளர்ந்துவிட்டான், உனக்குப் பொறுப்பு இல்லை" என்று சொல்ல எதிரணியில் யாருக்காவது மனம் வருமா? சொன்னாலும் அவள் கேட்கப்போவதில்லை. யாரும் சொல்லாமலே அந்தப் பொறுப்பைத் தானாக எடுத்துக்கொண்டவள் அவள். அவளுக்கு முப்பது ஆண்டுகள் முன்னதாகவே நாம் உதவியிருக்கலாம். இந்த அவையில் இருக்கும் தாய்மார்களுக்கும் தந்தையருக்கும் அந்தக் காலம் இன்னும் கையில் இருக்கிறது.

பெற்றோருக்குப் பொறுப்பு உண்டு என்று தீர்ப்பளிக்குமாறு நடுவரைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.