கொதிகலன் ஆறிய இரவு

நண்பர்களே, கனடாவின் வடமேற்கு மூலையில், கிளாண்டைக் ஆறு யூகான் ஆற்றோடு கலக்கும் இடத்தில் டாசன் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊரைப் பற்றிப் பேசுகிறவர்கள் தங்கத்தைப் பற்றியே பேசுவார்கள். நான் அந்த ஊரின் தீயணைப்பு நிலையத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

தங்கத்தைச் சொல்லாமல் தொடங்கவும் முடியாது. 1896 ஆகஸ்டில் பொனான்சா ஓடையில் தங்கம் கிடைத்தது. எல்லோரும் ஓடைக்கு ஓட, ஜோ லாடூ என்ற வணிகர் மட்டும் ஆற்றோரச் சதுப்பு நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றார். தமது மரம் அறுக்கும் ஆலையையும் அங்கே கொண்டுவந்தார். தலைமுறை தலைமுறையாக அந்த ஆற்றுமுகத்தில் சால்மன் மீன் பிடித்து வாழ்ந்த ஹான் என்ற பழங்குடி மக்கள், தலைவர் ஐசக்கின் வழிகாட்டுதலில் கீழாற்றில் உள்ள மூஸ்ஹைடுக்குப் பெயர்ந்தார்கள். 1898 கோடையில் டாசனிலும் சுற்றுவட்டாரத்திலும் சுமார் முப்பதாயிரம் பேர் இருந்ததாகச் சொல்வார்கள்.

எப்படிப்பட்ட ஊர் அது? சுவர் மரம், தரை மரம், உள்ளே ஒட்டியிருப்பது துணி. ஒவ்வோர் அறையிலும் தகர அடுப்பு இரவு பகலாக எரிய வேண்டும். அணைந்தால் உள்ளே இருப்பவர் விறைத்துப்போவார். அடுப்பின் புகைக்குழல் கூரையைத் துளைத்து வெளியேறும். வெளிச்சத்துக்கு மெழுகுவத்தியும் மண்ணெண்ணெய் விளக்கும். தண்ணீரோ ஆற்றில்தான் இருந்தது. கோடையிலும் உருகாத உறைநிலம் அது. அதில் குழாய் புதைத்தால் உள்ளேயே நீர் உறைந்துவிடும். அக்டோபர் முதல் மே வரை அந்த ஆறும் பனிக்கட்டிக்கு அடியில்தான்.

1897 நவம்பரிலேயே ஒரு தீ மூண்டு மதுக்கூடத்தையும் நாடக அரங்கையும் விழுங்கியது. பிறகு ஊரார் தீயணைப்புக் கருவிகளை வரவழைத்தார்கள். யூகான் முகத்துவாரத்திலிருந்து டாசனுக்கு ஆற்றுவழியே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். துடுப்புச் சக்கரக் கப்பல்கள் கோடையின் சில மாதங்களில் மட்டுமே வரமுடியும். அவ்வளவு பாடுபட்டு வந்து சேர்ந்த கருவிகளுக்கான பணத்தை ஊர் கட்டவில்லை. தங்கத்தூளை நிறுத்துப் பார்த்துச் சாராயத்துக்குக் கொடுத்த ஊர், தன் உயிரைக் காக்கும் இயந்திரத்துக்குக் கொடுக்கவில்லை. கருவிகள் பயன்படாமல் கிடந்தன.

1898 அக்டோபர் 14. மீண்டும் தீ. அப்போதுதான் அவசர அவசரமாக இயந்திரத்தை வெளியே இழுத்து வேலைக்கு ஆயத்தப்படுத்தினார்கள். ஈரப் போர்வைகளோடும் வாளிகளோடும் கோடரிகளோடும் ஊரே திரண்டு போராடியது. இருபத்தாறு கட்டடங்கள் சாம்பலாயின. சேதம் ஏறத்தாழ ஐந்து லட்சம் டாலர். அதன் பிறகே ஊதியம் பெறும் தீயணைப்புப் படை உருவாயிற்று.

இங்கே சற்று நின்று அந்தத் தீயணைப்பு எஞ்சினைப் புரிந்துகொள்ள வேண்டும். அது நீராவியால் ஓடுவது. கொதிகலனில் நீர் கொதித்து, ஆவி அழுத்தம் ஏறினால்தான் பம்பு அசையும். எனவே மணி அடித்த பிறகு அடுப்பைப் பற்றவைத்தால் காரியம் கெட்டது. நல்ல நிலையத்தில் கொதிகலன் நீர் எப்போதும் சூடாகவே இருக்கும். சில நிமிடங்களில் ஆவி தயாராகிவிடும். குளிர்நாட்டில் இது இரட்டிப்புக் கட்டாயம். சூடு விட்டுப்போனால் எஞ்சினுக்குள் இருக்கும் நீரே உறையத் தொடங்கும். ஆகவே டாசனின் தீயணைப்பு நிலையம் என்பது முதலில் ஓர் அணையா அடுப்பு. அந்த அடுப்புக்கு விறகு போட இரவெல்லாம் கண்விழிக்கும் மனிதர்கள் வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் வேண்டும்.

1899 ஏப்ரலில் அந்த மனிதர்கள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். கொதிகலன் ஆறிக் கிடந்தது.

ஏப்ரல் 26 இரவு, ஒரு மதுக்கூடத்தின் மாடியறையிலிருந்து தீ கிளம்பியது. ஆட்கள் ஆற்றுக்கு ஓடினார்கள். பனிக்கட்டியைத் துளைத்து நீரை எட்டினார்கள்; துணிக்குழாய்களை விரித்தார்கள்; கொதிகலனுக்கு அடியில் விறகை அடுக்கினார்கள். ஆவி ஏறுவதற்குள் தெருவே பற்றிக்கொண்டது. ஒருவழியாகப் பம்பு நீரை உறிஞ்சியபோது, குழாயின் வாயை எட்டும் முன்பே அந்த நீர் உறைந்தது. உறைந்த நீர் குழாயைக் கிழித்தது. வெடிமருந்து வைத்துக் கட்டடங்களைத் தகர்த்துத் தீயின் பாதையில் இடைவெளி உண்டாக்குவதே மிஞ்சிய வழி. போலீஸ் அதிகாரி கார்ட்லாண்ட் ஸ்டார்ன்ஸ் அதற்குக் கட்டளையிட்டார். பிரிட்டிஷ் நார்த் அமெரிக்கா வங்கியின் பெட்டக அறை வெப்பத்தில் வெடித்து, பாதுகாப்புக்காக வைத்திருந்த நகைகளும் தங்கத்தூளும் உருகிச் சிதறின. நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. இழப்பு பத்து லட்சம் டாலரைத் தாண்டியது.

இந்தப் பேரழிவைச் சொல்கிறவர்கள் வேலைநிறுத்தத்தை ஒரே வரியில் கடந்துபோவதைப் பார்க்கிறேன். சிலர் பழியையும் அந்தத் தொழிலாளர்கள் மீதே போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விலைவாசி விண்ணைத் தொட்ட ஊரில், கடுங்குளிரில் அடுப்பைக் காத்தவர்கள் அவர்கள். முந்தைய ஆண்டு கருவிக்கு நேர்ந்தது இந்த ஆண்டு ஆட்களுக்கு நேர்ந்தது. இரண்டு முறையும் கணக்கைத் தீர்க்காமல் விட்டது ஊர்தான். மிச்சம் பிடித்த தொகை எவ்வளவு சிறியதாக இருந்திருக்கும் என்பதை எரிந்துபோன வங்கியை நினைத்துப் பார்த்தாலே போதும்.

ஊர் சில வாரங்களில் மீண்டும் எழுந்தது. அறுத்த பலகைகளால் நேர்த்தியான முகப்புகள் வந்தன. ஆனால் அதே கோடையில் அலாஸ்காவின் நோமில் தங்கம் என்ற செய்தி பரவ, ஆயிரக்கணக்கானோர் கப்பலேறிப் போய்விட்டார்கள். 1953இல் யூகான் பிரதேசத்தின் தலைநகர் என்ற தகுதியும் வைட்ஹார்ஸுக்குப் போனது. டாசன் சுருங்கியது, அழியவில்லை. 2023இல் யுனெஸ்கோ அந்த வட்டாரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இன்று அங்கே தீயணைப்பாளர்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய எஞ்சின்களைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கிறார்கள். வரவேற்கிறேன். 1899 ஏப்ரலில் அந்த ஆட்கள் ஊதிய உயர்வு கேட்டு நின்றதையும் அதே எஞ்சின்களுக்குப் பக்கத்தில், பார்வையாளர் கண்ணில் படும்படி பெரிதாக எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.